கரும்புகை விட்ட ஏழு நாட்கள்

செவிலிமேட்டுப் பாலத்தில் ஏறும்போதுதான் முதலில் தெரிந்தது. மூன்றாவது கியரில் ஒரு மிதி மிதித்தால் துள்ளிக்கொண்டு ஏறுகிற ஜீப், அன்றைக்கு மிதிக்க மிதிக்க உறுமியதே தவிர இழுக்கவில்லை. பின்னால் வந்த டவுன் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் பஸ்ஸே தெரியவில்லை, அவ்வளவு கரும்புகை. என்னைத் தாண்டும்போது அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னாம்மா, கொசு மருந்தா அடிச்சிக்கினு போறே?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

வேறு சமயமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் சரியாகப் பத்து நாளில் அந்த ஜீப்பில் என் வீட்டுக்காரரைச் சென்னைக்கு அழைத்துப்போக வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றுகிற ஆபரேஷன். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து வாங்கிய தேதி. அன்றைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் மறுபடி வரிசையில் கடைசி ஆளாக நிற்க வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

அவர் பட்டு நெய்கிறவர். முப்பது வருஷம் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதித்ததில் வலது இடுப்பு தேய்ந்துபோய்விட்டது. ஒரு வருஷமாகக் குழியில் இறங்கவே முடியவில்லை. உயரமான ஸ்டூலில் சாய்ந்துகொண்டு சரிகை சுற்றுவார், பாவு நூலைச் சரிபார்ப்பார், மற்ற நேரம் நிற்பார். ஆட்டோவில் குனிந்து ஏற முடியாது. காரில் உட்கார்ந்தால் இடுப்பு மடங்காது, உயிர் போகிற மாதிரி வலிக்கும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அவருக்கு நான், எனக்கு அவர். அதனால்தான் இந்த ஜீப். முசரவாக்கத்தில் ஒரு தோட்டக்காரரிடம் பழசாக வாங்கினோம். அவர் பாவம், நாலு சக்கரமும் இழுக்கும், ஏரிக்கரையெல்லாம் ஏறும், டர்போ அப்படி இப்படி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரோ கதவைத் திறந்து, சீட்டோடு இடுப்பை வைத்து உயரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கமாகச் சாய்ந்து நல்ல காலை முதலில் உள்ளே போட்டால் வலியில்லாமல் உட்கார முடிந்தது. "இது போதும்மா" என்றார். டர்போவைப் பற்றி அன்றைக்கு நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாடகைக்கு ஆம்புலன்ஸ் பேசலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "உயிரோட இருக்கும்போதே அதுல படுத்துக்கினு போவேனா நானு? நம்ம ஜீப்புலன்னா வரேன். வேற எதுலயும் வர மாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. நான் ஓட்டுகிற வண்டி அல்லவா.

வண்டி ரிப்பேர் எனக்குப் புதிதில்லை. ஊருக்குள் மோட்டார் சாமான் கடையில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கிறேன். எது எதற்கு, எது போனால் என்ன ஆகும் என்று மெக்கானிக்குகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பாதி கற்றுக்கொண்டேன். மீதி, கைபேசியில் வீடியோ பார்த்து. ஆயில் மாற்றுவது, பிரேக் கட்டை போடுவதெல்லாம் எங்கள் வீட்டு போர்ட்டிகோவிலேயே நடக்கும். அக்கம்பக்கத்துக்காரர்கள் ஆரம்பத்தில் வேடிக்கை பார்த்தார்கள். இப்போது அவர்கள் ஸ்கூட்டரையும் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுப் போகிறார்கள்.

அன்று சாயங்காலமே பானட்டைத் திறந்தேன். டீசல் ஃபில்டரை மாற்றினேன், அதில் தேங்கியிருந்த தண்ணீரை வடித்தேன். பாலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அதே உறுமல், அதே புகை. ஞாயிற்றுக்கிழமை ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். கால் படி செம்மண் கொட்டியது. ஆகா, இதுதான் என்று புதிதே வாங்கிப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. டர்போவுக்குப் போகிற சின்ன ரப்பர் குழாய் விரிந்திருந்தால் இப்படித்தான் இழுக்காது என்று ஒரு வீடியோவில் சொன்னான். அதையும் மாற்றினேன். பெரிய குழாய்களில் எங்கேயாவது காற்று கசிகிறதா என்று இணைப்புகளிலெல்லாம் சோப்பு நுரை தடவினேன். நுரை அப்படியே இருந்தது, ஒரு குமிழி வரவில்லை.

இதற்கெல்லாம் என் வீட்டுக்காரர் கூடவே இருந்தார். டிரைவர் சீட்டில் சாய்ந்துகொண்டு, நான் சொல்லும்போது நல்ல காலால் ஆக்சிலேட்டரை மிதிப்பார். ஸ்பானரைத் துடைத்து நம்பர் பார்த்துக் கொடுப்பார். நான் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தால் டீ ஆற்றித் தயாராக வைத்திருப்பார். கையில் ஒட்டிய கரியைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்து எடுப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வாரம் அவர் என்னைக் கவனித்தது போல் எந்த வாரமும் கவனித்ததில்லை.

"ரொம்பக் கஷ்டப்படாதம்மா. வண்டி சரியாவலன்னா தேதியத் தள்ளிப் போட்டுக்கலாம். நான் இப்ப நல்லாத்தான இருக்கறேன்?" என்பார்.

"நல்லா இருக்கிற மூஞ்சப் பாரு. ராத்திரி முழுக்க முனகினது யாரு, எதிர்வீட்டுக்காரரா?" என்பேன். ஆனாலும் என்ன மனுஷன் என்று நெஞ்சு உருகும். தன் வலியை விட என் கை வலி பெரிதாகத் தெரிகிறதே இவருக்கு என்று ஒரு நாள் குளியலறையில் அழக்கூடச் செய்தேன்.

ஏழாம் நாள் ஆகியும் வண்டி சரியாகவில்லை. மெதுவாகவே ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்றால், ஹைவேயில் நடுவழியில் நின்றுபோனால் பத்து நிமிஷம் கூட அவரால் ரோட்டில் நிற்க முடியாது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. எனக்குத் தலைக்கேறினால் யார் மீதாவது இறங்க வேண்டும். பாய் மாட்டிக்கொண்டார்.

பாய் ஊரிலேயே டீசல் பம்பு வேலைக்குப் பெயர் போனவர். எங்கள் கடையில் சாமான் வாங்க ஆரம்பித்து, இருபது வருஷத்தில் என் வீட்டுக்காரருக்கும் நெருங்கிய சினேகிதராகிவிட்டார். இரண்டு மாதம் முன்புதான் எங்கள் ஜீப்பின் பம்பைக் கழற்றிச் சரிசெய்து கொடுத்திருந்தார். பம்பில்தான் கோளாறு என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, நேராக அவர் பட்டறைக்குப் போனேன். வாசலில் இரண்டு லாரிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே ஆரம்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்த்தீர்களா, இருபது வருஷப் பழக்கத்துக்கு இதுதான் மரியாதையா, என் வீட்டுக்காரர் ஆபரேஷன் நின்றுபோனால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். லாரிக்காரர்கள் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள்.

பாய் கையில் இருந்த, டீசல் பீய்ச்சுகிற நாசிலைத் துணியில் துடைத்து மேஜையில் வைத்தார். "முடிஞ்சுதா தங்கச்சி? இன்னும் கொஞ்சம் இருக்குதா?"

"முடிஞ்சுது."

"புகை என்னா கலரு?"

"கருப்பு."

"கருப்புன்னா இன்னா அர்த்தம்? டீசல் வருது, காத்து வரல. என் பம்பு டீசல் குடுக்குதும்மா, நல்லாவே குடுக்குது. காத்துக்கு நான் இன்னா பண்ணுவேன், அல்லா குடுக்கறது அது." லாரிக்காரர்களில் ஒருவர் சிரித்தார். பாய் அவரைக் கண்டுகொள்ளாமல் பேசினார். "ஃபில்டர் டப்பாவுக்கு முன்னாடி வெளிக் காத்த இழுக்கிற குழாய் ஒண்ணு இருக்குதுல்ல? அத மட்டும் கழட்டி வுட்டுட்டு பாலம் ஏறிப் பாரு. வண்டி இழுத்துதுன்னா அந்தக் குழாய்லதான் எதோ மாட்டிக்கினு இருக்குது. இழுக்கலன்னா திரும்பி வந்து மிச்சத்தையும் திட்டு."

மன்னிப்பு கேட்கத் தோன்றவில்லை. விறுவிறு என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு பாலத்துக்கு ஓட்டினேன். அம்மாடி! மூன்றாவது கியரில் ஜீப் என்னை சீட்டோடு ஒட்ட வைத்து இழுத்துக்கொண்டு போயிற்று. புகையே இல்லை. பாலத்தின் உச்சியில் நான் ஓவென்று கத்தினேன். பாலாற்று மணலில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

வீட்டில் வண்டியை நிறுத்தியதும் அந்தக் குழாயின் வாயைத் தேடினேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால், மட்கார்டின் இடுக்கில், கீழே பார்த்து இருக்கும். போன வருஷம் அதற்குள் அணில் கூடு கட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டுக் கம்பி வலை போட்டோம். வலை போட்ட இடத்தில் என்ன போய் அடைக்கும் என்றுதான் இத்தனை நாள் அந்தப் பக்கமே நான் போகவில்லை. என் கை அந்த இடுக்கில் நுழையாது. ஹெட்லைட்டைக் கழற்றினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன்.

குழாயின் வாயில் ஒரு துணி கட்டியிருந்தது.

அரக்கு நிறப் பட்டு. நாலாக மடித்து, சுருக்கமே இல்லாமல் வாயை இறுக்கி மூடி, பட்டு இழையால் மூன்று சுற்று சுற்றிக் கட்டியிருந்தது. ஓரத்தில் அரை விரல் அகலத்துக்குச் சரிகை. புதுப் பாவு பூட்டினால் முதலில் கொஞ்சம் நெய்து பார்த்து அறுத்துப் போடுவார்களே, அந்தத் துண்டு. முடிச்சில் ஒரு காது மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாத்திரைப் பையோ, மளிகைப் பொட்டலமோ, என் வீட்டுக்காரர் எதைக் கட்டினாலும் அப்படித்தான் இடது பக்கமாக ஒரு காதை விட்டுக் கட்டுவார். இழுத்தால் அவிழ்ந்துவிடும். அந்த இடுக்கில் நுழைகிற மெலிந்த கையும் எங்கள் வீட்டில் ஒன்றுதான். அணில் கூட்டை எடுத்ததும் வலை போட்டதும் அவர்தான். நான் கடைக்குப் போயிருந்த ஒரு பகலில், பானட்டைத் திறந்து, நின்றபடியே கையை விட்டுக் கட்டியிருக்கிறார்.

ஏழு நாள். வண்டிக்கு அடியில் முதுகு தேய, கண்ணில் மண் விழ, ஏழு நாள். நான் சோப்பு நுரை தடவியபோது சொன்னபடி ஆக்சிலேட்டரை மிதித்தாரே இந்த மனுஷன்! டீ ஆற்றிக் கொடுத்தாரே!

துணியை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போனேன். ஸ்டூலில் சாய்ந்து சரிகை சுற்றிக்கொண்டிருந்தார். அவர் மடியில் அதைப் போட்டேன்.

"யோவ்! இது இன்னா?"

அவர் அதைப் பார்த்தார். சரிகை சுற்றுவதை நிறுத்தினார். இல்லை என்று ஒரு பொய் சொல்வார், நான் கத்தலாம் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

"கண்டுபுடிச்சிட்டியா," என்றார்.

"ஊரெல்லாம் போயி பாய்கிட்ட சண்டை போட்டுட்டு வந்திருக்கறேன். உனக்கு வெக்கமா இல்ல? வண்டிய நாசம் பண்ணப் பாத்தியே!"

"வண்டிக்கு ஒண்ணும் ஆவாதும்மா." அவசரமாகச் சொன்னார். "பாலிதீன் கட்டினா உள்ள இழுத்துக்கினு போயி டர்போவ உடைச்சிடும்னு நீதான ஒரு நாள் சொன்னே. துணின்னா கொஞ்சமாவது காத்து போவும்ல? வலை மேலதான் கட்டினேன். குழாய அறுக்க மனசு வரல."

"ஏன்யா இப்படிப் பண்ணே?"

துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"பயமா இருக்குதும்மா. முதுகுல ஊசி போட முடியாது, எலும்பு ஒட்டிக்கினு இருக்குது, முழு மயக்கம்தான் குடுக்கணும்னு டாக்டரு சொன்னாருல்ல? அன்னிலேர்ந்து தூக்கம் வரல. நான் எழுந்துக்கலன்னா நீ அவ்ளோ தூரம் தனியா ஓட்டிக்கினு வரணுமே. பக்கத்து சீட்டு காலியா இருக்குமே. அதையே நெனச்சிக்கினு இருந்தேன். உன்கிட்ட சொன்னா நீ கத்துவே."

உண்மையைச் சொல்வதென்றால், அந்தக் காலி சீட்டை நானும் பார்த்திருந்தேன். தேதி கிடைத்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதைப் பார்க்காமலிருக்கத்தான் ஏழு நாளும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. இவர் ஒரு துணியைக் கட்டினார், நான் ஒரு ஸ்பானரைப் பிடித்தேன், இரண்டு பேரும் ஒரே பயத்தை ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு ஒரே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறோம்.

"எனக்கும் பயமாத்தான்யா இருக்குது," என்றேன். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் முழங்கால் மேல் தலையை வைத்துக்கொண்டேன். அவர் கையில் எண்ணெய் இல்லை, ஆனாலும் என் விரலில் இருந்த கரியைத் தேய்த்து எடுக்க ஆரம்பித்தார்.

தலையைத் தூக்காமலே சொன்னேன். "உன்ன இஸ்துக்கினு போவ மாட்டேன். அன்னிக்குக் காலைல நீயா வந்து ஏறினா வண்டிய எடுப்பேன். ஏறலன்னா ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டுத் தேதி வேணாம்னு சொல்லிடறேன். கத்த மாட்டேன்."

"நீ கத்தலன்னா எனக்கு இன்னும் பயம்மா," என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலையில் பாய் பட்டறைக்குப் போனேன். அவர் எதிரில் நின்று, நான் பேசியது தப்பு, மன்னித்துவிடுங்கள் என்றேன். என் வாழ்க்கையில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இல்லை அது. நாக்கு ஒத்துழைக்க மறுத்தது. பிறகு நடந்ததைச் சொன்னேன். பாய் முதலில் விழித்தார், அப்புறம் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். "பட்டுத் துணியிலயா கட்டினான்? அரே, ஊருலயே விலை ஜாஸ்தி ஃபில்டரு நம்ம வண்டிக்குத்தான்!" பிறகு சிரிப்பை நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ தனியா வரணுமேன்னுதான அவனுக்குக் கவலை? நானும் வரேன். பின் சீட்டுல உக்காந்துக்கறேன். பட்டறைய ரெண்டு நாள் மூடினா ஒண்ணும் குறைஞ்சிடாது. போறப்பவும் சரி, வர்றப்பவும் சரி, நீ தனியா ஓட்ட மாட்டே. இத அவன்கிட்ட சொல்லு."

லாரிக்காரர்கள் எதிரில் நான் அவரைக் கிழித்து இருபத்துநாலு மணி நேரம் கூட ஆகவில்லை. அப்படிப்பட்ட மனுஷன் கிடைக்க எனக்குக் கொடுத்து வைத்திருக்கிறதே என்று அவர் பட்டறை வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன். "போம்மா, போ, வேலை கெடுது" என்று விரட்டினார்.

சென்னைக்குப் புறப்பட வேண்டிய நாள் விடிவதற்குள் எழுந்து என் வீட்டுக்காரர் படுக்கையைப் பார்த்தேன். காலியாக இருந்தது. ஹாலில் இல்லை, கொல்லையில் இல்லை. போர்ட்டிகோ விளக்கைப் போட்டேன். ஜீப்பில் இடது பக்க சீட்டில், வேட்டி சட்டையோடு, மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக அங்கே இருந்தாரோ தெரியவில்லை.

"வண்டிய எடும்மா. மறுபடி பயம் வர்றதுக்குள்ள எடு," என்றார்.

பாயை வழியில் ஏற்றிக்கொண்டோம். ஹைவேயில் ஜீப் என்னமாய் இழுத்தது! நான் அல்லாடிய ஏழு நாளில் மாற்றிய ஃபில்டரும், குழாயும், துடைத்த அழுக்கும் எல்லாம் சேர்ந்து வண்டி வாங்கின நாளை விட நன்றாக ஓடியது. "பாரு, என்னாலதான் வண்டிக்கு இவ்ளோ வேலை நடந்துது" என்று என் வீட்டுக்காரர் பெருமை பேச, பின்னாலிருந்து பாய் அவர் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் அவரைத் தள்ளிக்கொண்டு போனபோது அவர் என் கையை விட்டார், நான் அவர் கையை விட்டேன். யார் முதலில் விட்டோம் என்று நினைவில்லை. இரண்டரை மணி நேரம் என்றார்கள். நாலு மணி நேரம் ஆயிற்று. வராந்தாவில் பெஞ்சு முழுக்க எங்களைப் போல் ஆட்கள். பாய் உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார். எனக்கு எந்தச் சாமியின் பெயரும் வாயில் வரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரையாவது பிடித்துத் திட்டலாம் என்றால் திட்டுகிற அளவுக்குக் கூட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

கதவு திறந்தது. சின்ன வயசு நர்ஸ் ஒருத்தி தலையை நீட்டினாள். கையில் இருந்த காகிதத்தைப் பார்க்காமலேயே, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"உள்ள ஒரு பேஷன்ட் கண்ணு முழிச்சிட்டாரு. வெளிய என் சம்சாரம் கத்திக்கினு இருப்பா, சீக்கிரம் போயி நான் எழுந்துட்டேன்னு சொல்லுங்கன்னு எங்க உயிர வாங்கறாரு. யாரும்மா இங்க கத்தற சம்சாரம்?"

பெஞ்சிலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். எவ்வளவு முயன்றும் ஒரு சத்தமும் வரவில்லை.

பாய்தான் என் தோளைத் தொட்டுச் சொன்னார். "இவங்கதாம்மா."